கப்பலில் வந்த ஸ்கூட்டர்

நாக்பூரில் ஒரு லாரி ஷெட்டில் படுத்திருந்தேன். பழைய ஸ்கூட்டர் ஒன்று புகை விட்டுக்கொண்டு போனது. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரியும் அதே வாசனை. அதைச் செய்த கம்பெனி ஸ்கூட்டர் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டது. என் சிறுவயதில் அதற்குப் பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தமானில், போர்ட் பிளேரில், அப்பா ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் வேலை பார்த்தார். தினமும் மரைன் ஹில் மேட்டை நடந்தே ஏறி, மூச்சு வாங்க வீட்டுக்கு வருவார்.

"ஸ்கூட்டருக்குப் பதிஞ்சீங்களா, கப்பல் கட்டச் சொன்னீங்களா?" என்பாள் அம்மா.

"மெயின்லேண்டே வரிசையில நிக்குதுடி. நமக்கும் வரும்."

காய்ச்சலில் அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த மழைக்காலத்தில் ஸ்கூட்டர் வந்தது. ஓட்ட ஆளில்லை, சும்மா நின்றால் உப்புக்காற்று தின்றுவிடும், விற்றுவிடு என்றார்கள் எல்லோரும். அம்மா சில நாள் யாரையும் அதைத் தொடவிடவில்லை. பிறகு பக்கத்து வீட்டு பெங்காலி காண்டிராக்டருக்குக் கொடுக்கச் சம்மதித்தாள்.

அவர் எடுத்துப்போக வந்தபோது, "தோடா ருக்கோ, பாயி" என்று நிறுத்தினாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். காலியாக இருந்த முன்சீட்டைக் கையால் பிடித்துக்கொண்டாள். காண்டிராக்டர் கடல் பக்கம் திரும்பி நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, வண்டியை அவர் பக்கம் நகர்த்தி, "லே ஜாவோ" என்றாள்.