மாமா அழாத வருஷம்

அழுவதில் என் மாமாவை மிஞ்ச எங்கள் சபையில் ஆள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் போனபின் என்னை வீரபாண்டிக்குக் கூட்டிவந்து வளர்த்தவர் அவர். வருஷாவருஷம் நடக்கும் கன்வென்ஷன் கூட்டத்தில் போதகர், மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்றதும் மாமாதான் முதலில் போவார். முழங்காலிட்டு, சட்டை நனைய அழுவார். மற்ற பிள்ளைகளிடம் எனக்கு அதில் பெருமை.

மாமாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. மழை வந்தால் தொட்டியில் தேக்கிய சாயத்தண்ணீரை ஓடையில் திறந்துவிட வேண்டும். வெள்ளத்தோடு போனால் அதிகாரிகள் கண்ணில் படாது. ஓடைக்கரையில்தான் எங்களுக்குப் பால் ஊற்றும் அக்காவின் கிணறு. மழைக்கு மறுநாள் அதில் தண்ணீர் சிவப்பாக ஊறும். எருமைகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"இங்க நல்லா அழுவீங்க, மழ வந்தா அங்க போயித் தொறந்து உடுவீங்க. ஆண்டவருக்கே சலிச்சுப் போயிருக்குமுங்க" என்பார் அத்தை. அந்த வேலை போனால் வாடகைக்கு வழியில்லை என்பது அத்தைக்கும் தெரியும்.

ஒரு வருஷம் போதகர் முன்னால் அழைக்கும் நேரம் பார்த்துத் தகரப் பந்தலில் மழை விழத் தொடங்கியது. மாமாவின் செல்போன் அடித்தது. எழுந்து வெளியே போனார். முதலிடம் பறிபோய்விடுமே என்று நானும் பின்னால் ஓடினேன்.

"இல்லீங்ணா, இனி நான் தொறக்கறதில்லீங்க" என்றார் போனில். "ஆமாங்க, தெரிஞ்சுதான் சொல்றனுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க. காலைல வந்து சாவியக் குடுத்தர்றனுங்க."

முதலாளி கத்துவது எனக்கே கேட்டது. மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மழைல நனையாதீங்ணா, சளி புடிச்சுக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் அவர் கையை இழுத்தேன். "மாமா, கூப்புடறாங்க. வாங்க, போயி அழலாம்."

"வேண்டாங் கண்ணு. டீ குடிக்கலாமா?"

பன்னும் வாங்கிக் கொடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. போதாக்குறைக்குச் சந்தோஷமாக வேறு இருந்தார்.

வேலை போயிற்று. பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குக் குடிபோனோம். என் படிப்பு அத்தோடு நின்றது. பிறகு எத்தனையோ ஊர்களில் படுத்து எழுந்துவிட்டேன். அந்தப் பண்ணையின் தகரக் கொட்டகையில் தூங்கிய தூக்கம் எங்கும் வாய்க்கவில்லை. நாற்றம் சீக்கிரமே பழகிவிட்டது. உடைந்த முட்டை வேண்டுமளவு கிடைத்தது. அத்தை மாமாவின் தட்டில் மட்டும் ஒன்று கூடுதலாக வைப்பார்.

எனக்குத்தான் கவலை. அடுத்த கன்வென்ஷனிலும் மாமா அழவில்லை. வேலை போனதே அவர் முன்னால் போகாததற்கான தண்டனை என்று நான் முடிவு செய்திருந்தேன். அதனால் குடும்ப ஜெபத்தில் என் முறை வரும்போதெல்லாம், "ஆண்டவரே, எங்க மாமாவை எப்படியாவது மனந்திரும்பச் செய்யும்" என்று உருகி வேண்டுவேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்குக் கோபமாக வரும். மாமா மட்டும் சிரிக்காமல், கண்ணை மூடியபடி, எல்லோரையும்விட உரக்க "ஆமென்" என்பார்.