பத்திரமான கூடம்

டெக்சாஸ் எல்லையில் ஒஃபீலியா பர்ரியென்டோஸ் வக்கீல். நான் அவளுடைய மொழிபெயர்ப்பாளன். கொரோனா வந்ததும் அவளுடைய ஓட்டை வேனே எங்கள் அலுவலகமானது. அன்று வில்மரின் வழக்கு. ஹோண்டுராஸிலிருந்து கூரை வேலைக்கு வந்தவன், ஆஸ்துமாக்காரன். விசா இல்லாமல் பிடிபட்டு, தடுப்பு முகாமில் அறுபது பேரோடு ஒரே கூடத்தில் அடைபட்டிருந்தான். கொரோனா தொற்றினால் உயிருக்கே ஆபத்து, அவனை வெளியே விடுங்கள் என்பது எங்கள் மனு.

நீதிமன்றத்தில் நாலு பேர் கூடினால் ஆபத்து என்பதால் விசாரணை வீடியோவில் நடந்தது. அரசு வக்கீல் ஹால்வர்சன் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, "கூடம் ரொம்பப் பத்திரமா இருக்குங்க ஐயா. ஆஸ்துமான்னா டாக்டர் சர்டிபிகேட் எங்க?" என்றார். நீதிபதியும் தலையாட்டினார். முகாமுக்குள் வெளி டாக்டர் யாரையும் விடுவதே கிடையாது.

ஒஃபீலியா கொதித்து எழுந்தாள். வேன் கூரையில் தலை இடித்தது. "அவ்வளவு பத்திரம்னா அடுத்த விசாரணைய அந்தக் கூடத்துலயே வெச்சுக்கலாம் ஐயா. நான் வரேன். நீங்களும் வாங்க, அரசு வக்கீலும் வரட்டும்."

ஹால்வர்சன் பதறிப்போனார். "ஐயையோ, என்னால முடியாதுங்க! எனக்கு ஆஸ்துமா!"

"அடடா, நீங்க வீட்டை விட்டு நகரவே வேணாம்" என்று உருகினார் நீதிபதி. பிறகு, சர்டிபிகேட் வரும்வரை வில்மரின் வழக்கை ஒத்திவைத்தார்.