அப்பா ஒட்டிய தமிழ்நாடு

பார்வையற்றவர்களுக்கான பாடநூல்களில் வரும் புடைப்புப் படங்களைத் தொட்டுப் பார்த்து, எது விரலுக்குப் புரிகிறது, எது புரியவில்லை என்று சொல்வது என் வேலை. பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. 'இந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள்' என்பதைத்தான் நாள் முழுக்கச் சொல்கிறேன். வரைந்தவர்களுக்கு அலுப்பு, எனக்கும் அலுப்பு. சாயங்காலம் விரல்நுனி மரத்துப்போய், டீ டம்ளரின் சூடுகூடத் தாமதமாகத்தான் உறைக்கும்.

நான் தொட்ட முதல் வரைபடம் ஏற்காட்டில், எங்கள் வீட்டில் தயாரானது. அப்போது ஆறாம் வகுப்பு. என் பிரெயில் புத்தகத்தில் படம் வரவேண்டிய இடத்தில் 'படம் பார்க்க' என்று மட்டும் இருக்கும். வரைபடக் கேள்வியை எனக்கு மட்டும் விட்டுவிடலாம் என்று டீச்சர் இரக்கத்தோடு சொன்னார். அப்பாவுக்கு அந்த இரக்கம் பிடிக்கவில்லை.

"புள்ள செய்யட்டுங்க டீச்சர். மேப்பு நான் கொண்டாறனுங்க."

அப்பா குப்பனூர் மலைப்பாதையில் ஜீப் ஓட்டினார். பகலெல்லாம் வளைவுகளில் ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து அட்டையில் பசை தடவுவார். முதல் படத்தில் எதையும் விட மனமில்லாமல் எல்லை, ஆறு, ரயில் பாதை எல்லாவற்றையும் நூலால் ஒட்டியிருந்தார். சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி இருந்தது.

"எல்லாம் நூலாவே இருக்குதுங்கப்பா. எது ஆறுங்க?"

அப்பா நூலைப் பிய்க்கும் சத்தம் கேட்டது.

அடுத்ததில் எல்லைக்குச் சணல், ஆற்றுக்குக் கம்பளி நூல், மலைகளுக்கு ராகி. மறுநாள் காலைக்குள் எலி சேர்வராயனையும் கொல்லிமலையையும் தின்றுவிட்டிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாதிதான் மிச்சம். அம்மா சிரித்தார். அப்பா சிரிக்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியில் மலைக்கு உப்புத்தாள் வந்தது. ரயில் போய்விட்டது, ஊர்களும் போய்விட்டன. ஆறுகளில் காவிரி மட்டும் இருந்தது. சேலத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான்.

"ஏனுங்கப்பா, மத்த ஊரெல்லாம் எங்கீங்க? வெறிச்சுனு இருக்குதுங்க."

"நொம்ப வெச்சா உனக்கு ஒண்ணுமே தெரியாது கண்ணு." குரலில் தூக்கம் வழிந்தது.

காவிரி கடலில் சேரும் இடத்தைக் காட்டச் சொன்னார் டீச்சர். கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சணலில் முட்டியது. இங்கே என்றேன். டீச்சர் என் விரலைப் பிடித்து நகர்த்தவில்லை. அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். முழு மதிப்பெண் கிடைத்தது. கூடவே, "அப்பாகிட்டச் சொல்லி இந்தியாவும் செஞ்சு கொண்டா" என்றார்.

சொன்னேன். அப்பா பெருமூச்சு விட்டு இன்னொரு அட்டையை எடுத்தார்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அந்தத் துண்டை அவுத்துப்போட்டு சோறுண்ண வாங்க. இன்னும் எத்தன நேரந்தான் அதையே தடவிட்டிருப்பீங்க?"

தலைவலிக்குத்தான் துண்டு கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்தைத் தொட்டேன். துண்டு நெற்றியில் இல்லை. இரண்டு கண்களையும் மூடி இறுக்கிக் கட்டியிருந்தது. கைகள் அட்டைமேல் இருந்தன.

"தலைவலிங்களாப்பா?"

"ஆமா சாமி. கொஞ்சம்."

நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். தலைவலிக்குத் துண்டை இவ்வளவு கீழே கட்டக்கூடாது என்றும் சொன்னேன். அப்பா சரியென்று, துண்டை நெற்றிக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டார்.