கோழி இல்லாத புதன்கிழமை

எங்கள் தொழிற்சாலை கேன்டீன் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. மறுநாள் என்ன சாப்பாடு என்று அதில் எழுதி வைப்பது என் பொறுப்பு. ஓசூரில் நான் பார்த்த முதல் வேலை அது. கேன்டீன் சூப்பர்வைசர் என்று பெயர். வாங்கியதைச் சரிபார்ப்பது, தட்டுகள் கழுவப்பட்டதா என்று பார்ப்பது, பலகையில் எழுதுவது. அந்தப் பலகையில் நான் எழுதிய ஒரே ஒரு பொய்யை ஒருத்தி தன் முந்தானையால் துடைத்துப் போட்டாள். அதை எப்போது நினைத்தாலும் வெட்கத்தைவிட எனக்குப் பெருமைதான் அதிகம் வருகிறது.

அவளை எல்லோரும் மாஸ்டரக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாகலூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் அவரைக் காடுகளில் கூலி வேலை செய்து அவளை வளர்த்தார்கள். கேன்டீனுக்குப் பாத்திரம் தேய்க்க வந்து, காய் நறுக்கி, கடைசியில் தலைமைச் சமையல்காரி ஆனவள். ஆண்கள் மட்டுமே மாஸ்டராக இருந்த இடம் அது. அவள் கரண்டி பிடித்த பிறகும் கேன்டீனை எடுத்து நடத்திய கான்ட்ராக்டருக்கு அவள்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை சாம்பார் சரியில்லை என்று தொழிலாளர்கள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனபோது, "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா வேற மாஸ்டர் பாத்துக்குவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை கோழிக் குழம்பு நாள். மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்கு வாரத்தில் அது ஒரு சின்னத் திருவிழா. ஒரு மார்கழியில், பறவைக் காய்ச்சல் என்று கோழி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். செவ்வாய் காலையில் செய்தி வந்தது. ஆட்டுக்கறி எங்கள் கேன்டீனுக்குக் கட்டுப்படியாகாது. சாம்பார் வைத்தால் தட்டுகள் கவிழும் என்பது உறுதி. நான்தான் வழி கண்டுபிடித்தேன். சோயா உருண்டைகளை வாங்கி, கறி மசாலாவில் போட்டு, பலகையில் 'மட்டன் மசாலா' என்று எழுதிவிடுவது. கான்ட்ராக்டர் என் தோளில் தட்டினார். அப்போதே போய் எழுதிவிட்டேன்.

மாஸ்டரக்கா வந்து பார்த்தாள். முந்தானையை எடுத்துத் துடைத்தாள்.

"சோயா நல்லாத்தான் இருக்கும் சார். சோயான்னு எழுதுங்க, செஞ்சி தரேன். மட்டன்னு எழுதிட்டு என்னால கரண்டி புடிக்க முடியாது. தின்னுட்டுப் போறவன் என் மூஞ்சியப் பாக்கணுமில்ல?"

"அப்ப நாளைக்கு என்னத்தப் போடுவீங்க?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"இது அவரக்கா மாசம் சார். பிதுக்கம்பருப்பு போடுவேன்."

சொல்லிவிட்டு, சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி அவளே எழுதினாள். அவள் எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. 'கோழி இல்லை. பிதுக்கம்பருப்புக் குழம்பு, களி.' முதல் இரண்டு சொற்களையே பெரிதாக எழுதியிருந்தாள்.

அவள் தம்பி மதியமே டெம்போவில் அவரை மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். உரித்த பச்சைக் கொட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தோல் கழன்று உள்ளே இருக்கும் பருப்பு துள்ளி விழும். நான்கு பேர் வீட்டுக்கே ஒரு மணி நேரம் ஆகும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள் அண்டாக்களை எட்டிப் பார்த்தார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. கிருஷ்ணகிரிப் பெண் ஒருத்தி முதலில் உட்கார்ந்தாள். "எங்க வூட்ல இதுக்குப் பேரு பிதிகிபப்பு" என்றாள் ஒரு தெலுங்குக்காரி. "நம்ம மனேல ஹிதிகிபேளே" என்றாள் ஆனேக்கல்லிலிருந்து வருகிறவள். பஸ் வந்து ஹாரன் அடிக்கும்வரை பருப்பு துள்ளிக்கொண்டே இருந்தது. கோழி வைக்கும் பெரிய ஃபிரிட்ஜ் அன்று பச்சைப் பருப்பால் நிறைந்தது.

மறுநாள் காலையில் அவள் சின்ன வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் வறுத்தாள். பட்டை, கிராம்பு, கசகசா, தேங்காயோடு அரைத்தாள். வாசனை தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வரை போயிருக்க வேண்டும். யூனியன் தலைவர் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே வந்து நின்றார். பின்னால் கூட்டம். பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"என்னக்கா, கோழிக்குப் பதிலா கொட்டையா?"

நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவள் ஒதுங்கவில்லை.

"பதிலு இல்ல தம்பி. கறி எடுக்க முடியாத வூட்ல பொறந்தவ நான். அம்மா இதக் கொதிக்க வச்சா, கறி இல்லேங்கற நெனப்பே எங்களுக்கு வராது. ஒரு வாய் தின்னு பாரு. புடிக்கலன்னா தட்ட எங்கிட்டயே கவுத்துட்டுப் போ."

அவர் உட்கார்ந்து, களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். இன்னொரு வாய். பிறகு தலையை நிமிர்த்தாமலே, எதிரில் களியை மென்று திண்டாடிக்கொண்டிருந்த ஒடிசாக்காரரிடம், "கடிக்காதய்யா, முழுங்கு" என்றார். வரிசை நகர்ந்தது. அன்று ஒரு தட்டும் கவிழவில்லை. ஷிப்ட் முடிவதற்குள் அண்டா காலி. பலகையை யார் மாற்றியது என்று கான்ட்ராக்டர் கேட்டபோது, "மட்டன்னு எழுதுனது நான், அழிச்சது அவங்க" என்று அவரிடம் சொன்னேன். அதுவரை அப்படி ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோழி வண்டிகள் திரும்பி வந்த பிறகும், அந்த மாதம் முடியும்வரை வாரத்தில் ஒரு நாள் பிதுக்கம்பருப்பு வேண்டும் என்று யூனியன் எழுதிக் கொடுத்தது. கோழி நாளை விட்டுக்கொடுத்து அல்ல, வியாழக்கிழமையில்.

இப்போது மாஸ்டரக்கா பாகலூர் சாலையில் சொந்தமாக மெஸ் நடத்துகிறாள். தட்டைப்பயறு, கொள்ளு, சாமை, மொச்சை, கத்தரிக்காய், அந்தந்தப் பருவத்தில் கிடைப்பது. போன மாதம் போயிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஒருவர் உள்ளே வந்து, "கறி இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. மொச்ச கத்திரிக்கா இருக்குது, ஒக்காருங்க" என்றாள், இலையை எடுத்துக்கொண்டே.

அந்த 'இல்லீங்க'வில் துளிக்கூடத் தயக்கம் இல்லை. உட்கார இடம்தான் இல்லை. நான் என் இலையை மடித்துவிட்டு எழுந்து அவருக்கு இடம் விட்டேன்.