பாதி அடைத்த காற்று

"பத்மாசனி நித்திரை கொண்டபடியால் அடுப்புத் தணிந்து, நாற்பது மூடை அவித்த நெல் பழுதாயிற்று."

மனேஜர் தில்லைநாதன் நீட்டிய தாளில் இருந்தது இவ்வளவுதான். பத்மாசனி அதை இரண்டு முறை வாசித்தாள். கையெழுத்திட்டால் வேலை போகும். வேலையை விடப் பெரிது, நெல்லை ஆலைக்குத் தந்த நெல்லுக்காரிகள் முகத்தில் இனி விழிக்க முடியாது. ஆலைக் கொட்டடியில் குவிந்து புளித்து மணக்கும் நெல், அவர்களுடைய ஆண்டுச் சோறு.

கரவெட்டியில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். 1956இல் கணவன் ஏரம்புவோடு ஸ்கந்தபுரத்தில் காணி பெற்றுக் குடியேறினாள். காணியைக் கணவன் பார்க்க, அவள் அக்கராயன் பக்கத்துக் கூட்டுறவுச் சங்க நெல்லாலைக்கு வேலைக்குப் போனாள். 1963இல் அங்கே உலர்த்தும் பெட்டி வந்தபோது, அதன் பொறுப்பு அவளிடம் விடப்பட்டது.

ஆள் உயர இரும்புப் பெட்டி அது. குறுக்கே, அடுப்பிலிருந்து வரும் பன்னிரண்டு நீராவிக் குழாய்கள். அடியில் துளைத் தகடு. அதன் கீழிருந்து இயந்திர விசிறி காற்றை ஊதும். காற்று சரியாக வந்தால், நெல் உலையில் கொதிக்கும் அரிசிபோல் மேலும் கீழும் புரளும். குழாயைத் தொட்ட மணி சூட்டை வாங்கிக்கொண்டு விலக, அடுத்த மணி வந்து தொடும். எவரும் சொல்லித் தராமலே, புரளும் சத்தத்தை வைத்து நெல்லின் ஈரத்தை அறிய அவள் பழகியிருந்தாள்.

1965 மாசியில் பருவம் தப்பி மழை பிடித்தது. களத்தில் காயவிட வழியில்லை. எல்லா நெல்லும் பெட்டிக்கு வந்தது. அந்த அவசரத்தில்தான் தில்லைநாதன் விசிறியின் காற்று மூடியைப் பாதி அடைக்கச் சொன்னார். வேண்டாம் என்று அவள் தடுத்தாள். "சோத்தை விசிறினா ஆறாதோ? காத்தைக் குறைச்சாத்தான் சூடு நிக்கும். உமக்கு என்ன தெரியும்?" என்று அதட்டிவிட்டுப் போனார். மூடி பாதி அடைபட்டது.

இப்போது சங்கத் தலைவர் ஐயாத்துரை கதிரையில் இருந்து, "கையெழுத்தை வையும் பிள்ளை, மழை விடமுதல் முடிப்பம்" என்றார்.

"நான் கண் மூடேல்லை, ஐயா. மூடினது காத்தைத்தான். ஆர் மூடச் சொன்னதெண்டு மனேஜரைக் கேளுங்கோ."

"வாய் நீளுது," என்றார் தில்லைநாதன்.

"என்ரை வாய் நீளட்டும். உங்கடை கையை ஒருக்கா நீட்டுங்கோ. வாங்கோ பெட்டிக்கு!"

இயந்திரக்காரன் பக்கீர் அவர்களுக்கு முன்னே ஓடிப்போய் விசிறியை முடுக்கினான். மூடி பாதி அடைத்தபடியே இருந்தது. பெட்டிக்குள் அன்று காலை நிரப்பிய ஈர நெல் அசையாமல் கிடந்தது. கால் மணி நேரம் கழித்து, ஐயாத்துரையை நெல்லுக்குள் கையை விடச் சொன்னாள். குழாயோடு ஒட்டியிருந்த நெல் பொரிந்து கருகியிருந்தது. நாலு விரல் தள்ளி, ஈரமும் குளிரும்.

"குழாய் கொதிக்குது. பக்கத்திலை இருக்கிற நெல்லு நகராமல் கிடந்து கருகுது. அங்காலை இருக்கிறது சூட்டைக் காணாமல் புளிக்குது. இதுக்கு நான் நித்திரை கொள்ளவேணுமோ?"

மூடியை அவளே திறந்தாள். நெல் பெருமூச்சு விட்டதுபோல் எழுந்து புரளத் தொடங்கியது. இன்னொரு கால் மணி. இம்முறை ஐயாத்துரை எங்கே கையை விட்டாலும் ஒரே சூடு.

"கறுமம் பிடிச்ச பெட்டி," என்று பக்கீர் சிரித்தான். "மனேசர் ஐயாவை விட இதுக்கு ரோசம் கூட!"

ஐயாத்துரை கையைத் துடைத்தார். "சரி, விளங்குது. இனி மூடியைத் திறந்தே ஓட்டும். உம்மை நிப்பாட்டவும் மாட்டன். ஆனா மேலிடத்துக்கு ஒரு பேர் எழுதவேணும். சும்மா ஒரு கையெழுத்துத்தானே?"

அந்தச் 'சும்மா'வில்தான் அவளுடைய பொறுமை முழுதும் அறுந்தது. பேனையைப் பறித்து, தாளிலிருந்த வரியைக் கிழியும்படி அடித்தாள். அதன் கீழே, "மனேஜர் சொல்லிக் காற்றைப் பாதி அடைத்ததால் நெல் பழுதாயிற்று" என்று கோணல் எழுத்தில் எழுதி, பெயரையும் தேதியையும் இட்டாள்.

"இதை அனுப்புங்கோ. இல்லாட்டி நாளைக்கு நெல்லுக்காரிகளைக் கூட்டியந்து, ஒவ்வொருத்தியாப் பெட்டிக்குள்ளை கையை விட வைப்பன்."

ஐயாத்துரை தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அன்று தபால் போகவில்லை.

மறுநாள் காலை, தூறலில் சாக்கைத் தலையில் போட்டபடி பதினேழு நெல்லுக்காரிகள் ஆலை வாசலுக்கு வந்தார்கள். முன்னால் பத்மாசனி. தில்லைநாதன் படலையைச் சாத்த முயன்றார். பக்கீர் அதன் நடுவில் நின்றுகொண்டான். பத்மாசனி மூடியைப் பாதி அடைத்து, முதல் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக் பெட்டியின் கதவடிக்குக் கூட்டிப்போனாள்.