சப்போர்ட்டில் இருக்கிற பொண்ணு

போன வாரம் வீட்டில் இன்டர்நெட் நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு மிஷின் குரல், கன்னடத்துக்கு ஒன்றை அழுத்து, இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்து என்று ஆரம்பித்தது. நானும் அழுத்தினேன். கட்டைவிரல் நோக அழுத்தினேன். கடைசியில், உங்கள் சப்போர்ட் ரெக்வெஸ்ட் பதிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அதுவே வைத்துவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சப்போர்ட்டாம். அந்த வார்த்தையைச் சொல்ல அதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் அந்த வார்த்தையில் சோறு தின்றவள். அதற்காக ஒரு கல்யாணத்தையே கோட்டை விட்டவள். சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. தொம்மலூரில் பழைய ஊருக்குள் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். காலையில் இருட்டோடு கிளம்பி, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவார். எனக்கு, ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் செய்து விற்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆர்டரில் 'சப்போர்ட் என்ஜினியர்' என்று போட்டிருந்தது.

அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்குள் எந்த இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் அகராதியில் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அவென்யூ ரோட்டு நடைபாதையில் வாங்கிய தடி அகராதி அது. கரையானுக்குப் பயந்து நடுவில் கற்பூரம் வைத்திருப்பார். பிரித்தால் கோயில் வாசனை அடிக்கும். என் ஆர்டரைப் படித்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"லத்தீன்ல 'சப்'னா கீழ. 'போர்த்தாரே'ன்னா சுமக்கறது. கீழ இருந்து சுமக்கறது. பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய் அப்பறம் இங்கிலீஷ்காரன் கைக்கு வந்திருக்கு." மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு வரி பார்த்தார். "மொதல்ல இதுக்கு சகிச்சுக்கறதுன்னுதான் அர்த்தமாம்."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "அப்ப இத்தனை வருஷமா இந்த வீட்ல நான்தான் சப்போர்ட் என்ஜினியர்."

அப்பாவுக்கு அதோடு திருப்தி வரவில்லை. அவர் பேப்பர் படிக்கிற மனுஷர். அந்த நாட்களில் டெல்லியில் ஆட்சிகள் எங்கள் தெருக் கரண்ட் மாதிரி வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. தினமும் கொட்டை எழுத்தில் வெளியிலிருந்து சப்போர்ட், சப்போர்ட் வாபஸ் என்றுதான் செய்தி. "ஏம்மா, இது நெலையான வேலைதானா? திடீர்னு வாபஸ் வாங்கிட மாட்டாங்களே?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

நம் ஜனங்கள் வாயில் அந்த வார்த்தைக்கு உதவி என்கிற அர்த்தமே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்றால் 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுப்பா' என்போம். சண்டையில் நம் பக்கம் பேச ஆள் வேண்டுமென்றால்தான் சப்போர்ட். எனக்கும் அம்மாவுக்கும் வாய் முற்றும்போதெல்லாம், "அவளுக்கே சப்போர்ட் பண்ணுங்க" என்று அம்மா அப்பா மேல் பாய்வாள். அவர் பாவம், ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். சும்மா பேப்பரைப் புரட்டியிருப்பார்.

ஆபீசில் அதற்கு வேறு மரியாதை. புதிதாக சாஃப்ட்வேர் எழுதுகிற டெவலப்மெண்ட் ஆட்கள் மேல்மாடியில், ஏசியில். அவர்கள் எழுதியது எங்காவது படுத்துக்கொண்டால் ஓடுகிற நாங்கள் கீழே, மாடிப்படிக்கு அடியில், டீ ஃப்ளாஸ்க் பக்கத்தில். அப்பாவின் லத்தீன் அந்தவகையில் ரொம்பச் சரி. எங்களுக்கென்று பொதுவாக ஒரு பேஜர் இருந்தது. வாரத்துக்கு ஒருவர் அதை இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஏதாவது ஆஸ்பத்திரியில் பிரச்சினை என்றால் அதில் ஒரு வரிச் செய்தி வரும். கால்மணி நேரத்துக்குள் போன் செய்தாக வேண்டும். பையன்களுக்கு மட்டும்தான் அதைக் கொடுப்பார்கள். பேஜர் முறை பார்த்தவர்களுக்குத்தான் பிரமோஷனும். நான் மேனேஜரிடம் மல்லுக்கு நின்று வாங்கினேன்.

"வீட்ல போன் இருக்கா? ஞாயித்துக்கிழமை வந்தாலும் அட்டெண்ட் பண்ணுவியா? ஒரு கால் மிஸ் ஆச்சுன்னா பேஜர் திரும்ப பசங்க கைக்குப் போயிடும், சொல்லிட்டேன்" என்றார் அவர்.

இருக்கு சார் என்று தலையாட்டிவிட்டேன். போன் இருந்தது உண்மை. அதன் டயலில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கியதும் உண்மை. வருகிற போனைப் பேசலாம், நாமாகப் போட முடியாது. சாவி அப்பாவின் அரைஞாண்கயிற்றில். ஒரு தடவை எஸ்டிடி பில்லைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியதிலிருந்து இந்த ஏற்பாடு. சாதாரண நாட்களில் எனக்கு அதனால் தொந்தரவில்லை. பேஜர் அடித்தால் மூலையிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடிவிடுவேன்.

என் முறை வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சாஃப்ட்வேரில் டெவலப்மெண்ட். அவன் சார்பில் பேசியதெல்லாம் அவனுடைய பெரியப்பா. அடுகோடியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். நல்ல கனத்த சரீரம், கனத்த குரல். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினார்.

நான் பட்டுப்புடவைக்குள் இடுப்பில் பேஜரைச் செருகிக்கொண்டு, சத்தம் வராமல் அதிரும்படி வைத்துவிட்டு, கேசரித் தட்டோடு போய் நின்றேன். பையன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"டெவலப்மெண்டா, சப்போர்ட்டா?"

"சப்போர்ட்."

"ஓ" என்றான். அந்த 'ஓ' இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியப்பா அப்பாவிடம் திரும்பினார். "கல்யாணத்துக்கப்பறம் இந்த சப்போர்ட் வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க. நேரங்காலம் இல்லாம கூப்புடுவாங்களாமே? விட்டுட்டு டீச்சர் வேலை மாதிரி எதுனா பாத்துக்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "பாக்கலாங்க" என்று மழுப்பினார். அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து இடுப்பில் பேஜர் துடித்தது. கேசரித் தட்டு ஒரு குலுங்கு குலுங்கியது. எடுத்துப் பார்த்தேன். மைசூரில் ஒரு நர்சிங் ஹோம், பில் வரவில்லை, உடனே பேசவும்.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"மைசூர் ஆஸ்பத்திரிப்பா. பில் வரலியாம். நான் போன் பண்ணணும்."

அம்மா என் கையைக் கிள்ளினாள். "அப்பறம் பேசிக்கலாமே, பெரியவங்க உக்காந்திருக்கோம்" என்றார் பெரியப்பா. பட்டுப்புடவையும் பூவுமாக எஸ்டிடி பூத்துக்கு ஓடலாமா என்று வாசலைப் பார்த்தேன். சபை முழுக்க வழியில் உட்கார்ந்திருந்தது.

அப்பா எழுந்தார். வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சட்டையைத் தூக்கினார். வேட்டி மடிப்புக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடினார். கயிற்று முடிச்சு அவிழவில்லை. இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். கடைசியில் வயிற்றோடு போன் மேஜை மேல் சாய்ந்து, அந்த நிலையிலேயே பூட்டைத் திறந்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீ பேசும்மா. இவங்க இருப்பாங்க" என்று நகர்ந்து நின்றார்.

மைசூரில் கவுண்டர் பெண் கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தாள். "பில் பர்த்தா இல்ல மேடம்", பில் வரமாட்டேன் என்கிறது என்று கன்னடத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறந்த குழந்தையோடு ஒரு பெண் வாசலில் நிற்கிறாள், பில் வந்தால்தான் அனுப்புவார்கள், ராகுகாலம் பிறப்பதற்குள் குழந்தை வீடு போய்ச் சேர வேண்டும் என்று மாமியார்க்காரி ஆடித் தீர்க்கிறாள். ராகுகாலம் பிடித்து ஆட்டுவது எங்கள் வீட்டுக் கூடத்தை மட்டுமல்ல என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எனக்குத் தெரிந்த தொம்மலூர்க் கன்னடத்தில் கவுண்டர் பெண்ணைச் சமாதானப்படுத்தி, அந்தப் பிள்ளை பெற்றவளின் கணக்கை வேறு கம்ப்யூட்டரில் யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா பார் என்றேன். மருந்துக் கவுண்டர் ஆள் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். அதை மூடச் சொன்னேன். அடுத்த நிமிஷம் பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. பக்கத்தில் நின்ற அப்பாவும் கேட்டார். ஏதோ அவரே பில் போட்ட மாதிரி ஒரு முகம்.

நான் ரிசீவரை வைத்ததும் பெரியப்பா கேட்டார்: "பொண்ணுக்கே சப்போர்ட் பண்றீங்களே. நாளைக்கு எங்க வீட்ல இப்படி நடந்தா?"

"நடக்கும்ங்க. அவ வேலையே அதுதான்" என்றார் அப்பா.

ராகுகாலத்துக்கு வெகு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அப்பாவோடு பேசாமல் காபி டம்ளரை மட்டும் ணங் ணங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பையன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் சந்தோஷம்தான்.

அப்பா அந்தப் பூட்டைத் திரும்ப மாட்டவில்லை. அதற்குப் பதிலாக அவருக்கு வேறொரு கிறுக்கு பிடித்தது. லைன் காலியாக இருக்க வேண்டும். சித்தப்பா வேலூரிலிருந்து பேசினாலும், "சரிப்பா, வை, பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி கால் வரும்" என்று நலம் விசாரித்த வாயோடு வைத்துவிடுவார். கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் உண்டு. பக்கத்து வீட்டார் யாராவது போன் செய்ய வந்தால் மேஜைக்குப் பக்கத்திலேயே காவல் நிற்பார்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் வேலைக்குக் குறுக்கே நிற்காத மனுஷர் கிடைத்தார். வேறு ஏரியாவில் வீடு, அங்கே எங்களுக்குத் தனி போன். பேஜர்கள் குப்பைக்குப் போய் செல்போன் வந்தது. அப்பாவின் பழக்கம் மட்டும் மாறவில்லை. நான் கூப்பிட்டாலும் அதே கதைதான். சாப்பிட்டியா என்பார், குழந்தை எப்படி இருக்கு என்பார், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், "சரி வைம்மா, லைன் ஃப்ரீயா இருக்கட்டும். உனக்கு யாராவது கூப்புடுவாங்க" என்று வைத்துவிடுவார்.

இப்போது தொம்மலூரில் அந்த ஓட்டு வீடு இல்லை, அந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ். பெண் பார்க்க வருகிறவர்கள் டெவலப்மெண்டா சப்போர்ட்டா என்று கேட்பதில்லை. சப்போர்ட் என்ற பெயரையே என் ஆபீசில் எடுத்துவிட்டு வாயில் நுழையாத என்னவோ வைத்திருக்கிறார்கள். போனில் எவ்வளவு நேரம் பேசினாலும் காசு இல்லை. அப்பா போய் வெகுநாள் ஆகிறது. அவரோடு நான் முழுசாகப் பேசி முடித்த ஒரு போன்கூட ஞாபகத்தில் இல்லை.