ஒரே சஹன்

லத்தீஃபாவுக்குப் பொய் சொல்ல வராது. கூத்தாநல்லூரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்கிறவளுக்கு இது பெரிய குறைதான். "அது சாயம் போவும், இத எடுத்துக்குங்க" என்று தன் சரக்கைத் தானே பழிப்பாள். அதனாலேயே சரக்கு விற்றுத் தீரும். அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் தன் புருஷனை ஏமாற்றினாள்.

புருஷன் சலாஹுதீன், ஊரில் பாதி ஆண்கள் பிழைப்புக்கு வெளிநாடு சபர் போன தொண்ணூறுகளில் ரியாத் போய் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது பெட்டியோடு ஒரு குரலையும் கொண்டுவந்தார். கிடங்கு சூப்பர்வைசரின் குரல். மனுஷன் அங்கேயே இருக்க, குரல் மட்டும் விசா இல்லாமல் வந்துவிட்டது. "சோத்துல என்னமோ கலந்திருக்காங்க, சாப்பிடாதே" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஓதிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. தஞ்சாவூர் டாக்டர் மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை எழுதினார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று சலாஹுதீன் மாத்திரையைத் தொடவில்லை. லத்தீஃபாவின் அண்ணன் மீரா உசேன்தான் வழி சொன்னார்.

"டீயில பொடிச்சுப் போட்டுக் குடுத்துடு. மனுஷன் தெளியணுமா, வேணாமா?"

அவளும் போட்டாள். சலாஹுதீன் தெளிந்தார். ஒருநாள் காலை டம்ளரின் அடியில் கரையாத துண்டு ஒன்று கிடந்தது. அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். டம்ளரை அவள் பக்கம் சாய்த்துக் காட்டி, "அப்ப சூப்பர்வைசர் சொன்னது உண்மைதான்" என்றார். அந்த வாரமே ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டை ஊரே பார்க்கக் கவிழ்த்தார். அதன்பிறகு அவித்த முட்டையும், தானே உரித்த வாழைப்பழமும்தான் அவர் சாப்பாடு.

லத்தீஃபா அழுது பார்த்தாள். பிறகு, அழுகை சோறு ஊட்டாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் மச்சான். இனிமே எதைக் கலந்தாலும் ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கலப்பேன்."

"சொல்லிட்டு எவளாவது கலப்பாளா?" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுவாரம் அவளோடு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்.

அன்று தொடங்கி மாத்திரை அவர் உள்ளங்கைக்கே போனது. குரல் தணிந்ததே தவிர, ஓடிவிடவில்லை. டாக்டர் அவரை வானதி என்ற ஆலோசகரிடம் அனுப்பினார். கண்ணை மூடாமல், பாதத்தைத் தரையில் பதித்து, மூச்சைக் கொஞ்ச நேரம் கவனிக்க வேண்டும். குரல் வந்தால், வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபடி மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

"வெரட்டக் கூடாதாம்மா?" என்றார் சலாஹுதீன்.

"வெரட்டவும் வேணாம், பதில் சொல்லவும் வேணாம். வாசல்ல வந்து நிக்கிறவங்களையெல்லாம் உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கிறீங்களா?"

இது மார்க்கத்தில் ஆகுமா என்று மீரா உசேன் முகம் சுளித்தார். "மூச்சு விடுறது எல்லா மார்க்கத்துலயும் ஆகும் மச்சான்" என்றார் சலாஹுதீன். நன்றாக இருந்த ஒரு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்டதற்கு வானதி விடவில்லை: "கொழம்பு நல்லாருக்குன்னு சோத்தை விட்டுடுவீங்களா?"

மகள் ஹாஃபிஸாவுக்குக் கல்யாணம் வந்தது. நோயைச் சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். ஆனாலும் பெண்ணைப் பெற்ற அத்தா என்று அவர் சம்பந்தியோடு ஒரே சஹனில் கை வைத்தாக வேண்டும். அந்தத் தட்டும் கவிழ்ந்தால் ஹாஃபிஸா எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவாள்?

கல்யாணத்தன்று காலையில் மீரா உசேன் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "இன்னிக்கு ஒருநாள் மட்டும். கூட ஒரு மாத்திரைதான். அவரு ஃபிர்னிப் பாயசத்துல போட்டுடு."

லத்தீஃபாவுக்குக் கை நீளத்தான் பார்த்தது. "வேணாம் நானா. கவுத்தா கவுக்கட்டும். திருட்டுத்தனமா இனிமே ஒண்ணும் குடுக்க மாட்டேன்" என்றாள். பொட்டலத்தை அண்ணன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

மண்டபத்தில் பெண்கள் பக்கத்துத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். சஹனைச் சுற்றிச் சம்பந்தி ஹபீப் முகம்மதும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சலாஹுதீனின் கை சோற்றுக்கு மேலே வந்து நின்றது. இடது கையைப் பாயில் அழுத்தி ஊன்றியிருந்தார். பெண்ணின் அத்தா கை வைக்காமல் மற்றவர்கள் எப்படித் தொடுவார்கள்? எல்லாரும் காத்திருந்தார்கள். யா அல்லாஹ், என்று லத்தீஃபா திரையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்துச் சம்பந்தி பக்கம் தள்ளினார். பிறகு ஒரு கை சோற்றை அள்ளித் தன் வாயில் போட்டார். சுற்றி இருந்தவர்கள் மும்முரமாகக் கறியைத் தேட ஆரம்பித்தார்கள்.

பந்தி முடிந்ததும் அவளைத் தேடி வந்தார். "சூப்பர்வைசர் வந்திருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"அதே பாட்டுதான். கலந்திருக்காங்கன்னாரு. பதில் சொல்ல வேணாம்னு வானதியம்மா சொல்லிருக்காங்க. இன்னிக்கு மட்டும் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"கலந்திருந்தா லத்தீஃபா சொல்லிருப்பாளேன்னு."

கல்யாண வீடென்றும் பார்க்காமல் லத்தீஃபா வாய்விட்டு அழுதாள். அவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அழுவுறதை அப்புறம் அழுவு. மத்தியான மாத்திரையக் குடு."